கிராஸ் ஓவரும் ஒலிபெருக்கித் தேர்வும்

கிராஸ் ஓவர் என்பது, ஒரே பெட்டியில் அமைந்த ஊஃபருக்குக் கனத்த நாதத்தையும் ட்வீட்டருக்கு நுண்ணிய நாதத்தையும் பிரித்தளிக்கும் மின்சுற்று ஆகும். 1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் வெளியிட்ட இயங்குசுருள் ஒலிபெருக்கியே இன்றைய ஊஃபருக்கு மூலம் என்றாலும், மந்தமாய் அகன்று அசைவதும் வேகமாய் நுண்ணிதின் அதிர்வதும் ஒரே கூம்புக்கு எளிதில் கைகூடுவதில்லை.

தென்காசி காசி விசுவநாதர் சந்நிதியில் தவில் முழங்கக் கேட்டவர்க்கு இதை விளக்கவே வேண்டுவதில்லை: இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழுந்து எழும் கும்காரமும், வலப்பக்கமான வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள் தெறிக்கும் நாதமும் வெவ்வேறாயினும் வாத்தியம் ஒன்றே. திருவிழாப் பந்தல்களில் நெடுங்காலம் ஒலித்த குழாய் ஒலிபெருக்கி, சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவிழப்பதால், தொப்பியை ஏறக்குறைய விழுங்கிவிட்டு வலந்தலையை மட்டுமே தெருவுக்குக் கொடுத்தது; அது தவிலுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கிகளை முதலில் தேர்ந்து, அவற்றின் சுபாவத்தை அறிந்த பின்னரே கிராஸ் ஓவரை வகுத்தல் முறை. 2000 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ.; 8 அங்குல ஊஃபரின் கூம்பும் அவ்வளவே அகலமாதலால், அதற்கு மேல் ஒலி பக்கங்களில் பரவாமல் நேரே குவிகிறது. 1 அங்குல ட்வீட்டரையோ அதற்கு வெகு கீழே உழைக்கவிட்டால் சுருள் கருகும். 8 ஓம் ஒலிபெருக்கிகளை 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க 6.6 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 0.42 மில்லிஹென்றி காயிலும் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆயினும் அந்த 8 ஓம் எல்லா அதிர்வெண்களிலும் 8 ஓமாக நிற்பதில்லை என்பதால், கணக்கு தொடக்கமே அன்றி முடிவன்று. இவ்வாறு பிரிக்கையில் பிரிவிடத்துக்கு அப்பால் ஒலி சரியும் அளவு ஆக்டேவுக்கு 6 டெசிபெல் மாத்திரமே. 1976இல் லிங்க்விட்ஸ் என்னும் பொறியாளர் விளக்கிய முறையில் அச்சரிவு 24 டெசிபெல் வரை செங்குத்தாகிறது.

குற்றாலத்தில் ஆனி, ஆடி மாதங்களின் சாரல் காகிதக் கூம்பில் ஈரமேற்றிக் கனக்கச் செய்யும். ஃபோம் விளிம்பு நாளடைவில் பொடிந்து உதிரும். ஆதலின் பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்புமே அவ்வூருக்கு உகந்தவை. பேரருவியின் இரைச்சலோ எல்லா அதிர்வெண்களிலும் ஒருசேரப் பரவி மெல்லிய நாதங்களை மூடிவிடுமாதலால், ஒலிபெருக்கியின் தரத்தை அருவிக்குத் தூரமான, சாத்திய அறையிலேயே சோதித்தல் வேண்டும்.

கம்பிகளை இணைக்குமுன் முனைகளை இனங்காண வேண்டும்: 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபரின் முனைகளில் ஒரு கணம் தொட்டால், கூம்பு வெளியே எழும்பும்போது பேட்டரியின் நேர்முனை தொட்ட முனையே நேர்முனை. 12 டெசிபெல் கிராஸ் ஓவரில் இரு ஒலிபெருக்கிகளும் பிரிவிடத்தில் எதிரெதிராய் அசைவதால், ட்வீட்டரின் கம்பிகளை மட்டும் மாற்றி இணைக்க வேண்டும்; இணைக்கத் தவறினால் நாகசுரத்தின் கூர்மை குடிகொள்ளும் அவ்விடத்திலேயே நாதத்தில் பள்ளம் விழும்.