முத்திரையிலிருந்து மைல்வரை: வெகுமதிப் புள்ளிகளின் வரலாறு



இன்றைய வரலாற்று உரையில் அரசர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. நம் பணப்பையில் கிடக்கும் ஒரு சிறு அட்டையின் வரலாற்றைச் சொல்லப்போகிறேன். எண்ணெய் நிலையத்தில் அதை நீட்டுகிறோம், பேரங்காடியில் நீட்டுகிறோம், விமானச் சீட்டு வாங்கும்போது அதன் எண்ணைச் சொல்கிறோம். ஒவ்வொரு முறையும் நம் பெயரில் சில புள்ளிகள் ஏறுகின்றன. ஏறிய புள்ளிகள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தும் விடுகின்றன. காலாவதியாகிவிட்டன என்கிறார்கள். அப்படியானால் அந்தப் புள்ளிகள் யாருடைய உடைமை? நம்முடையவையா, அட்டையைக் கொடுத்த நிறுவனத்தினுடையவையா? இதற்கு விடை காண நாம் ஏறக்குறைய நூற்று எண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் வடபகுதியில் ரோச்டேல் என்று ஓர் ஆலை நகரம். அங்கே 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாகச் சிலர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். மாவு, சர்க்கரை, வெண்ணெய் போன்ற சில பொருள்களே அதில் இருந்தன. ஆனால் அவர்கள் வகுத்த ஒரு விதி உலகப் புகழ் பெற்றது. கடையின் இலாபத்தை, யார் எவ்வளவு பொருள் வாங்கினார்களோ அந்த அளவுக்கு ஏற்ப உறுப்பினர்களுக்கே பிரித்துக் கொடுப்பது என்பதே அந்த விதி. வாடிக்கையாக வாங்குகிறவருக்கு ஒரு பங்கு திரும்பி வரவேண்டும் என்னும் எண்ணத்தை ஓர் ஒழுங்கான முறையாக நிலைநாட்டியவர்கள் அவர்களே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரோச்டேல் உறுப்பினர் பெற்றது சலுகை அன்று, உரிமை. கடைக்கு அவரே சொந்தக்காரர். நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திப் பங்குதாரர் ஆனார்கள். பங்குதாரருக்குச் சேரவேண்டியதை ஒருவர் தம் விருப்பப்படி அழித்துவிட முடியாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் கதைக்கு இதுவே திறவுகோல்.

அடுத்து அமெரிக்காவுக்கு வருவோம். 1896ஆம் ஆண்டு அங்கே ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. பச்சை நிறத்தில் சிறு முத்திரைகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்பது அதன் தொழில். வாடிக்கையாளர் பத்துக் காசுக்குப் பொருள் வாங்கினால் கடைக்காரர் ஒரு முத்திரை கொடுப்பார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சிறு புத்தகத்தில் ஒட்டவேண்டும். 1,200 முத்திரை சேர்ந்தால் புத்தகம் நிறையும். அதாவது 120 டாலருக்குப் பொருள் வாங்கியிருக்கவேண்டும். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்து விளக்கு, போர்வை, சமையல் பாத்திரம் என்று பெற்றுக்கொள்ளலாம்.

பிரிட்டனில் 1958ஆம் ஆண்டு ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ் என்பவர் கிரீன் ஷீல்டு என்னும் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கினார். டெஸ்கோ பேரங்காடி 1963இல் அதில் சேர்ந்தது. 1977இல் முத்திரையைக் கைவிட்டு, அந்தச் செலவை விலைக் குறைப்பில் காட்டியது. முத்திரைக்கு ஆகும் செலவு கடைசியில் பொருளின் விலையில்தான் ஏறி உட்காருகிறது என்பதை மக்கள் அன்றே தெரிந்துகொண்டார்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1964இல் வணிக முத்திரைச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு முத்திரையிலும் அதன் காசு மதிப்பு அச்சிடப்பட வேண்டும். குறிப்பிட்ட தொகைக்குமேல் முத்திரை வைத்திருப்பவர் பொருளுக்குப் பதிலாகக் காசே கேட்டு வாங்கலாம் என்று அச்சட்டம் கூறியது. முத்திரையின் மதிப்பு அதன் முகத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்தாலும் அது கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள். இன்றைய புள்ளிக்கு அந்த முகமும் இல்லை, உடம்பும் இல்லை.

இனி விமானத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுவரை விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசாங்கமே முறைப்படுத்தி வந்தது. அந்த ஆண்டில் ஒரு புதிய சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. விமான நிறுவனங்களுக்கிடையே கடும் போட்டி மூண்டது. பயணி இன்று ஒரு நிறுவனத்திலும் நாளை வேறொன்றிலும் பறந்தார். அவரைப் பிடித்து வைத்துக்கொள்வது எப்படி? டெக்சஸ் இண்டர்நேஷனல் நிறுவனம் 1979இல் பறந்த தூரத்தைக் கணக்கிட்டு வெகுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 1981ஆம் ஆண்டு மே முதல் நாள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதைப் பெரிய அளவில் செய்தது. தன் முன்பதிவுக் கணினியில் திரும்பத் திரும்ப வந்த தொலைபேசி எண்களைத் தேடி, அடிக்கடி பறக்கும் பயணிகளைக் கண்டெடுத்தது. அடுத்த சில நாட்களிலேயே யுனைட்டட் நிறுவனமும் இறங்கியது. வேறு சில நிறுவனங்களும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன.

நம் வட்டாரத்தில் 1993இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசிய ஏர்லைன்ஸ், கத்தே பசிபிக் ஆகிய மூன்றும் சேர்ந்து பாஸேஜஸ் என்னும் கூட்டுத் திட்டத்தை நடத்தின. 1999இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த கிரிஸ்ஃபிளையர் திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவில் எண்ணெய் நிலையம், கடைத்தொகுதி, வங்கி ஆகியவற்றை ஒரே அட்டையில் இணைத்த போனஸ்லிங்க் 1998இல் வந்தது.

காலக்கெடு எங்கிருந்து வந்தது? 1988இல் அமெரிக்க நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரு மைலுக்கு மூன்று மைல் என்று வாரி வழங்கின. மக்கள் மைல்களைக் குவித்தார்கள். அப்போதுதான் கணக்காளர்கள் விழித்துக்கொண்டார்கள். நிறுவனம் கொடுத்த ஒவ்வொரு மைலும் அது பயணிக்குத் தரவேண்டிய கடன் அல்லவா! அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இலவசச் சீட்டுக் கேட்டால் என்ன ஆவது? அந்தக் கடன் சுமையைக் குறைக்கக் கிடைத்த வழிகள் இரண்டு. ஒன்று, சீட்டுக்குத் தேவையான மைல்களை உயர்த்துவது. மற்றொன்று, மைலுக்கு ஆயுள் குறிப்பது. உரியவர் கேட்காமலே போகும் புள்ளி, கணக்குப் புத்தகத்தில் நிறுவனத்தின் வருமானமாகிவிடும்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988இல் தன் விதிகளை மாற்றியபோது, ஏற்கெனவே சேர்த்த மைல்களின் மதிப்பையும் அந்த மாற்றம் குறைத்துவிட்டது என்று உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1995இல் தீர்ப்பு வந்தது. மாநிலங்களின் பயனீட்டாளர் சட்டத்தைக் கொண்டு விமான நிறுவனத்தின்மேல் வழக்காட முடியாது. ஆனால் கொடுத்த வாக்கை, அதாவது ஒப்பந்தத்தை மீறியதாக வழக்காடலாம் என்றது நீதிமன்றம். பாதி வெற்றிதான். ஒப்பந்தத்தை எழுதுகிறவர் யார்? நிறுவனம். விதிகளை மாற்றும் அதிகாரத்தை அதிலேயே எழுதி வைத்துக்கொள்கிறவரும் அதே நிறுவனம்தான்.

நேயர்களே, தோட்டத்து மளிகைக் கடையின் 555 கணக்குப் புத்தகத்தை நம்மில் பலர் அறிவோம். சம்பள நாள்வரை அரிசியும் பருப்பும் கடனாக வாங்கி, அதில் எழுதி வைப்பார்கள். அந்தக் கடனுக்குக் காலாவதி உண்டா? மூன்றாண்டு கேட்காமல் இருந்துவிட்டேன், ஆகவே நீ கொடுக்கவேண்டாம் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னதுண்டா? நாம் கொடுக்கவேண்டியது என்றும் நிற்கிறது. நமக்கு வரவேண்டியது மட்டும் நாள் பார்த்துச் சாகிறது. எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தை லாரி ஓட்டுநர். எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் அட்டையை நீட்டிப் புள்ளி சேர்த்தார். பிள்ளைகளின் பள்ளித் தொடக்கச் செலவுக்கு உதவும் என்பது அவருடைய எண்ணம். கேட்கப் போனபோது பழைய புள்ளிகள் காலாவதியாகியிருந்தன. முன்னறிவிப்பு அனுப்பினோம் என்றார்கள். அவர் எப்போதோ மாற்றிவிட்ட தொலைபேசி எண்ணுக்கு அது போயிருந்தது. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது புத்தகப் பையும் காலணியும் அல்லவா?

இந்த அநீதியை எதிர்த்து மக்கள் வென்ற இடமும் உண்டு. அது கனடா. அங்கே 1992இல் தொடங்கிய ஏர் மைல்ஸ் திட்டத்தில் ஏராளமான குடும்பங்கள் சேர்ந்திருந்தன. இனி மைல்களுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள் என்று 2011இல் அந்நிறுவனம் அறிவித்தது. அதன்படி 2016 டிசம்பர் 31ஆம் நாள் முதல் தொகுதி அழியவேண்டும். அந்த ஆண்டின் இறுதி நெருங்கியபோது மக்கள் தொலைபேசியில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். தேவையில்லாத பொருள்களையும் அவசரமாக வாங்கித் தீர்த்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. டிசம்பர் முதல் நாள் நிறுவனம் பணிந்து, காலக்கெடுவை நீக்கியது. அதே மாதத்தில் ஒண்டாரியோ மாநிலச் சட்டமன்றம், காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் புள்ளிகளை அழிக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. 2018 சனவரி முதல் அது நடப்புக்கு வந்தது.

சில நிறுவனங்கள் தாமாகவே காலக்கெடுவை நீக்கின. டெல்டா 2011இலும் யுனைட்டட் 2019இலும் அவ்வாறு செய்தன. ஆனால் காலாவதி இல்லை என்பதால் புள்ளி பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. டெல்டா 2015இல், எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்று காட்டும் பட்டியலையே எடுத்துவிட்டது. மைல் சாகவில்லை, இளைத்துப் போகலாம். ஆஸ்திரேலியாவின் ஆன்செட் நிறுவனம் 2001 செப்டம்பரில் வீழ்ந்தபோது, அதன் பயணிகள் சேர்த்த புள்ளிகளும் அதனுடன் மதிப்பிழந்தன.

புள்ளிகள் வெறும் அன்பளிப்பு என்று நிறுவனங்கள் சொல்வதை நாம் அப்படியே நம்பவேண்டியதில்லை. 2020இல் கொள்ளைநோயால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைட்டட் தன் வெகுமதித் திட்டத்தை ஈடு வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. டெல்டா அதேபோல் 900 கோடி டாலர் பெற்றது. மதிப்பில்லாத ஒன்றை எந்த வங்கி ஈடாக ஏற்கும்? அந்த மதிப்பு நாம் தொடர்ந்து புள்ளி சேர்ப்பதால் உண்டானது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் செய்யத்தக்கது என்ன? முதலில், நம் புள்ளியின் காலக்கெடு எந்த வகை என்று அறியவேண்டும். இரு வகை உண்டு. ஒன்று, சேர்த்த நாளிலிருந்து கணக்கிடும் கெடு. கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு மூன்று ஆண்டு. இடையில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. அதனால் கெடுவுக்கு முன் பயணச் சீட்டைப் பதிவு செய்துவிட வேண்டும். பயணம் அதற்குப் பின்னரும் இருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டை ரத்துச் செய்தால், இடையில் கெடு முடிந்த மைல்கள் பொதுவாகத் திரும்பி வருவதில்லை.

மற்றது, கணக்கு அசைவற்றுக் கிடந்தால் மட்டும் அழியும் வகை. குவாண்டாசுக்கு 18 மாதம். பிரிட்டிஷ் ஏர்வேசின் ஏவியோசுக்கு 36 மாதம். கத்தே பசிபிக்கின் ஏஷியா மைல்ஸ் 2020 முதல் இந்த வகைக்கு மாறி 18 மாதம் என்று வைத்தது. இந்த வகையில் சிறிதளவு புள்ளி சேர்த்தாலோ செலவழித்தாலோ போதும். கணக்கு முழுவதற்கும் ஆயுள் புதுப்பிக்கப்படும்.

கடன்பற்று அட்டையில் புள்ளி வைத்திருப்போர், தேவை வருமுன் அதை விமான மைலாக மாற்ற அவசரப்படவேண்டாம். மாற்றிய நாளிலிருந்துதான் மைலின் ஆயுள் ஓடத் தொடங்கும். ஆனால் வங்கிப் புள்ளிக்கும் கெடு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை. ஆகவே தொலைபேசி எண் மாறினால் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். ஒவ்வோர் அட்டையின் எண்ணையும் கெடு நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பிள்ளைகளிடமே அந்த வேலையைக் கொடுங்கள். அவர்களுக்கு அது நல்ல கணக்குப் பாடம்.

புள்ளியைக் காப்பாற்றுவதற்காகவே தேவையற்ற பொருளை வாங்குவது மட்டும் அறிவுடைமை ஆகாது. பத்து வெள்ளிப் புள்ளிக்கு ஐம்பது வெள்ளி செலவழித்தால் இலாபம் யாருக்கு? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். கடையிலே போடுவதையும் அளந்தே போடுவோம். அதற்கு ஈடாக வரவேண்டியதையும் அளந்து கேட்டு வாங்குவோம்.

ரோச்டேல் தொழிலாளர் தம் பங்கை உரிமையாகப் பெற்றார். முத்திரை சேர்த்தவருக்குச் சட்டம் துணை நின்றது. ஒண்டாரியோ மக்கள் குரல் எழுப்பிச் சட்டம் பெற்றார்கள். நம் அட்டையில் ஏறும் புள்ளியும் ஒரு நாள் முழு உரிமையாகுமா என்பது, அதை நாம் எவ்வளவு கருத்துடன் கணக்கு வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.