விரியன் நஞ்சு முதல் வேலூர் வரை

சுன்னத்தின்போது அண்ணன்மார் இருவர் ரத்தம் நிற்காமல் இறந்திருந்தால், அடுத்துப் பிறக்கும் பையனுக்கு அதைச் செய்யாதீர்கள் என்றது யூதர்களின் தால்முத். கத்தியை எடுக்குமுன் குடும்பத்தை விசாரி என்ற மருத்துவப் பாடம் அவ்வளவு பழையது.

ஆனால், கத்தி வைத்தே ஆகவேண்டும் என்றால்? 1840இல் லண்டனில் ஒரு சிறுவனுக்கு மாறுகண்ணைச் சரிசெய்தார் சாமுவேல் லேன். நாட்கள் கடந்தும் ரத்தம் நிற்கவில்லை, பையனுக்கு ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய். ஓர் இளம்பெண்ணின் ரத்தத்தை ஏற்றியதும் பிழைத்தான். ரத்த வகைகள் பிடிபட இன்னும் அறுபது ஆண்டு இருந்ததால், அந்த வழியைத் துணிந்து பின்பற்ற முடியவில்லை.

அடுத்த உதவி சோழமண்டலக் கரையிலிருந்து போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேட்ரிக் ரஸ்ஸல் இங்குள்ள பாம்புகளை ஆராய்ந்து 1796இல் நூலாக்கினார். நம் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்தது. 1934இல் மெக்ஃபார்லேன் என்ற மருத்துவர், லண்டன் விலங்குக்காட்சிசாலையின் பார்னெட்டுடன் சேர்ந்து அதன் நஞ்சைச் சோதித்தார். வெகுவாக நீர்த்த பின்னும் ஹீமோபிலியா ரத்தத்தை அது உறையவைத்தது. ரத்தம் உறைய உதவும் புரதங்களில் நோயாளியிடம் குறைவாக உள்ள ஃபேக்டர் 8ஐத் தாண்டி, அடுத்த படியான ஃபேக்டர் 10ஐ நஞ்சு நேரடியாகத் தூண்டிவிடுகிறது. நீர்த்த நஞ்சில் பஞ்சை நனைத்துப் பல் பிடுங்கிய குழியில் வைத்தார்கள். பரோஸ் வெல்கம் நிறுவனம் அதை 'ஸ்டிப்வென்' என்று விற்றது. ஆனால் மேற்பூச்சாக மட்டுமே. உடலுக்குள் போனால் நஞ்சு நஞ்சுதான்.

1964இல் ஸ்டான்ஃபோர்டின் ஜூடித் பூல், உறைந்த பிளாஸ்மா மெல்ல உருகும்போது அடியில் தங்கும் வண்டலில் ஃபேக்டர் 8 செறிந்திருப்பதைக் கண்டார். எந்த ரத்த வங்கியும் செய்யக்கூடிய இந்த 'கிரையோ' பெரிய அறுவை சிகிச்சைகளுக்குக் கதவு திறந்தது. 1977இல் இத்தாலியின் மன்னுச்சி, அடிக்கடி சிறுநீர் போகும் ஒரு நோய்க்கான டெஸ்மோபிரசின் என்ற மருந்தை, லேசான ஹீமோபிலியாக்காரர்களின் அறுவைக்குப் பயன்படுத்தினார். பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்த ஃபேக்டர் மருந்தோ எய்ட்ஸையும் சுமந்துவந்து பலரைப் பலிகொண்டது. 1992இல் ஹாம்ஸ்டர் செல்களில் வளர்த்த ஃபேக்டர் 8 அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்று பெரிய அறுவைக்கு முன் ஃபேக்டர் அளவை இயல்புக்கு அருகே உயர்த்தி, காயம் ஆறும்வரை தாங்கிப் பிடிக்கிறார்கள். அளவு போதாமல் முதுகில் மயக்க ஊசி போட்டால் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டலாம் என்பதால், மயக்க மருத்துவரும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் 5 நோயாளிகளின் சொந்தக் குருத்தணுக்களில் ஃபேக்டர் 8 மரபணுவைச் சேர்த்த ஆய்வு 2024இல் வெளியானது. சிகிச்சைக்குப் பின் அவர்களின் உடலே ஃபேக்டரைத் தயாரித்தது. அந்த வழி எல்லோருக்கும் எட்டும்வரை, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் எளிதில் நிற்காது என்றால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.