அறப்போரின் வலிமையும் எல்லையும்

சுதந்திர நாட்டில் வாழும் மக்களுக்கு அநீதியை எதிர்த்துக் குரலெழுப்பும் உரிமை உண்டு. அக்குரல் சாத்வீகமானதாய் இருத்தல் வேண்டும் என்பதையும் அறிவுடையோர் மறுப்பதில்லை. ஆயின் சாத்வீகப் போராட்டம் எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்று நிதானமாக ஆராய்ந்தவர் சிலரே. கரவனெல்லையில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

1946ஆம் ஆண்டில் நமது கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டது. அங்கு ஆண்டுக்கணக்காக உழைத்த தொழிலாளருக்கு, லயங்களைவிட்டு வெளியேறுமாறு நோட்டீஸ் விடுக்கப்பட்டது. அயற்கிராமத்துச் சிங்கள மக்களுக்குக் காணிப்பஞ்சம் இருந்தது உண்மையே. எனினும் ஓர் ஏழையின் குறையைத் தீர்க்க இன்னோர் ஏழையைத் தெருவில் விடுவது நீதியாகுமோ? தொழிலாளர் வெளியேற மறுத்தனர். பிற தோட்டத் தொழிலாளரும் அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அத்துமீறல் குற்றஞ்சாட்டி வழக்குகள் தொடரப்பட்டன. அவற்றுள் ஒன்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமை உண்டென்று நேர்மையாக நம்பித் தன் குடியிருப்பில் தங்கியவனை, பிறரைத் தொந்தரவு செய்யும் எண்ணங்கொண்ட குற்றவாளி எனல் ஆகாது என்று அம்மன்றம் 1950இல் தெளிவுபடுத்தியது. தொழிலாளியின் உறுதி நியாயத்தின் வாசலைத் தட்டிற்று. சட்டம் அதனைத் திறந்தது.

ஆனால் சட்டமே அநீதியானால் என் செய்வது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947 தேர்தலில் 7 ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியன் காங்கிரஸ், 1952இல் ஓர் ஆசனமும் பெறவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பில் அது தொடங்கிய சத்தியாக்கிரகம் சுமார் 140 நாள் நீடித்தது. சட்டமோ மாறவில்லை. வாக்கற்றவரின் வேதனை, வாக்கை நம்பி ஆள்வோரின் செவியில் எளிதில் ஏறுவதில்லை.

அமெரிக்காவின் மொண்ட்கொமரி நகரிலே கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் முதல் 381 நாள் பஸ்களைப் பகிஷ்கரித்தனர். அவர்களுடைய பொறுமையோடு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்தபோதே வெற்றி கிட்டியது. இங்கோ, 1964 ஒப்பந்தம் தோட்ட மக்களைக் கேளாமலே அவர்களை இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. தொழிற்சங்க பலமும், படிப்படியாக மீண்ட வாக்குப் பலமும் சேர்ந்த பின்னரே 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவு தேடின.

அப்படியாயின் 1952ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகம் வீணா? அன்று. அது வழக்கை உயிருடன் வைத்தது. இம்மக்கள் தம் தாழ்வுக்குச் சம்மதித்தனர் என்று எவரும் கூற இடமில்லாமற் செய்தது. அறப்போர் விதையைப் போன்றது. மண்ணும் நீரும் இன்றி அது முளையாது. சங்க ஒற்றுமை, வாக்கு, நீதிமன்றம், அயலவரின் நல்லெண்ணம் ஆகியனவே அதற்கு மண்ணும் நீரும்.

மற்றுமோர் எல்லையும் உண்டு. அயலவன் வழியை மறிப்பதும், வேலைக்குச் செல்பவனை மிரட்டுவதும், கம்பு தூக்காவிடினும் பலாத்காரமே. அத்தகைய செயலால் பொதுமக்களின் அனுதாபத்தை இழப்போமாயின், நமது கையிலுள்ள ஒரே ஆயுதத்தையும் இழந்தவராவோம்.

வாலிபர்களே! பெற்றோரும் பாட்டன்மாரும் இழந்து, போராடி மீட்ட வாக்குரிமை இன்று உங்கள் கையில் இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் உண்டோ என்று பாருங்கள். சட்டம் கற்றுக்கொள்ளுங்கள். அயற்கிராமத்தாரோடு அவர்கள் மொழியிலே பேசுங்கள். பின்னர், அநீதி நேருமாயின் அஞ்சாது எழுந்து நில்லுங்கள். அப்பொழுது உங்கள் குரல் தனித்து ஒலியாது.