சாந்தி ஓடிய இரண்டு நிமிடம் மூன்று வினாடி

மரக்காணம் உப்பளக் கரையில் காலை நடை போகும் ஓய்வூதியர்கள் நாங்கள் ஐந்தாறு பேர். போன மாதம் ஒருநாள், திருநங்கைகள் பெண்கள் பிரிவில் போட்டியிடலாமா என்று பேச்சு வந்தது. ஒருவர், "கூடவே கூடாது" என்றார். இன்னொருவர், "அவங்களும் மனுஷங்கதானே சார்" என்றார். மூன்றாமவர், "நம்ம சாந்திகூட அப்படித்தானே மெடலை இழந்துச்சு" என்றார்.

அந்த மூன்றாவது பேச்சுதான் இதை எழுத வைத்தது. சாந்தி திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவை ஆண்டுதோறும் பார்க்கிற பழைய விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் நாங்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம் என்றால், மற்றவர்களைச் சொல்லிப் பயனில்லை. முப்பது வருடம் விசிலும் கையுமாக உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன் என்பதால், எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சாந்தி சௌந்தரராஜன் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் 1981-இல் பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளிகள். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 2005-இல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பர் 9 அன்று தோஹா ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி. தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமாலுக்கு.

ஓடி முடித்த பிறகு அவரைப் பாலினப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். சில நாட்களில், அவர் அதில் தேறவில்லை என்ற செய்தி வந்தது. மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் இருக்க வேண்டிய ஒரு முடிவு நாட்டிலுள்ள எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி மட்டும், அறிவித்த 15 லட்ச ரூபாய் பரிசை நிறுத்தாமல் கொடுத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். ஆனால் 2012-இல் அவர் மறுபடியும் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்ற செய்தியையும் நாம் படித்தோம். 2016-இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

இந்தப் பரிசோதனையின் கதை பழையது. 1966-இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில், வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் ஆடையில்லாமல் நிற்கவைத்துப் பார்த்தார்கள். அந்த அவமானத்துக்கு எதிர்ப்பு கிளம்பியதும் குரோமோசோம் சோதனைக்கு மாறினார்கள். முதலில் அகப்பட்டவர் போலந்தின் ஏவா குளோபுகோவ்ஸ்கா. 1967-இல் அவர் ஓட்ட வாழ்க்கை முடிந்தது. 1985-இல் ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பதினோ அகப்பட்டார். அவருக்கு எக்ஸ், ஒய் என்ற ஆண் குரோமோசோம்கள் இருந்தன. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அவர் உடல் ஏற்கவே இல்லை. ஆகவே அதனால் வரும் தசை பலமும் இல்லை. போராடி, 1988-இல் அனுமதியைத் திரும்பப் பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு முடிவு மாறி வந்தது. எட்டுப் பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். ஆண் வேடம் மாறிப் பெண்ணாக வந்தவர் எவரும் அதில் இல்லை. சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்பே, 1999-இல், எல்லோருக்கும் கட்டாயச் சோதனை என்பதை ஒலிம்பிக் குழு கைவிட்டது. சந்தேகம் வந்தால் மட்டும் சோதிப்பது என்று ஆனது. அந்தச் சந்தேகக் கண்ணில்தான் 2006-இல் சாந்தியும், 2009-இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவும், 2014-இல் ஒடிசாவின் டூட்டி சந்தும் விழுந்தார்கள். டூட்டி சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார். 2015-இல் அந்த மன்றம் ஹார்மோன் விதியை நிறுத்திவைத்து அவரை ஓடவிட்டது. சாந்திக்கு அப்படி வழக்காட ஆள் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திருநங்கைகள் விஷயம் வேறு. அவர்கள் ஆண் உடலோடு பிறந்து, பெண்ணாக வாழ்பவர்கள். 1977-இல் அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை ரெனே ரிச்சர்ட்ஸ் நீதிமன்றத்துக்குப் போய் பெண்கள் பிரிவில் ஆடும் உரிமை பெற்றார். 2003-இல் ஒலிம்பிக் குழு அறுவை சிகிச்சையும் இரண்டாண்டு ஹார்மோன் சிகிச்சையும் முடிந்தால் அனுமதி என்றது. 2015-இல் அறுவை சிகிச்சை நிபந்தனையை எடுத்துவிட்டு ஹார்மோன் அளவை மட்டும் வைத்தது. 2021 டோக்கியோவில் நியூசிலாந்தின் லாரல் ஹப்பர்ட் பளு தூக்க வந்தார். மூன்று முயற்சியிலும் தோற்றுத் திரும்பினார். ஆனாலும் உலகம் முழுக்க விவாதம் பற்றிக்கொண்டது. 2023 மார்ச்சில் உலகத் தடகள அமைப்பு, ஆணாகப் பருவமடைந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் போட்டியிட முடியாது என்று முடிவு செய்தது.

அந்த முடிவுக்குப் பின்னால் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 800 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 1 நிமிடம் 40.91 வினாடி. பெண்கள் சாதனை 1 நிமிடம் 53.28 வினாடி. பன்னிரண்டு சதவீத வித்தியாசம். பள்ளி மைதானத்திலேயே அதைப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை எங்கள் உப்பளத்துப் பெண் பிள்ளைகள் பையன்களோடு சமமாக ஓடுவார்கள். விடியலில் பாத்தியில் வேலை செய்துவிட்டு வந்து, வெறுங்காலோடு ஜெயிப்பார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பு வந்ததும் பையன்கள் முந்திப் போய்விடுவார்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் ஒரு சான்றிதழ்கூட வாங்கியிருக்கமாட்டார்கள். பருவமடைந்த பின் ஹார்மோனைக் குறைத்தால் ஹீமோகுளோபின் சில மாதங்களில் இறங்குகிறது. தசை பலம் ஓராண்டில் சிறிதளவுதான் குறைகிறது. உயரம் மாறாது. மறுபக்கம், இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை விளையாட்டு வீரர்களைக் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. அதனால்தான் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை.

ஆனால் ஒரு கேள்விக்குப் போட்ட விதி இன்னொரு கேள்விக்குள் நுழைவதுதான் என் கவலை. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் நிற்கும் எல்லோருக்கும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தோ, ரத்தம் எடுத்தோ, எஸ்ஆர்ஒய் என்ற மரபணு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 1990-இல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, ஒருவரின் பாலைத் தீர்மானிக்க அது ஒன்று மட்டும் போதாது என்று எழுதியிருக்கிறார். இந்தச் சோதனையில் அகப்படப் போகிறவர்களில் சாந்தி போன்றவர்கள் இருப்பார்கள். தன் உடலைப் பற்றி அதுவரை எதுவுமே அறியாத பெண் பிள்ளைகள்.

கோடு போடத்தான் வேண்டும் என்றால் போடட்டும். ஆனால் அந்தக் கோடு எங்கே என்பதை ஓட்டம் தொடங்கும் முன் சொல்ல வேண்டும். பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் புரிகிற மொழியில், ஒரு மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அறைக்கு வெளியே அது போகக் கூடாது. இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். மரியாதை போதும். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லி, இடைப்பால் குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் தடை செய்த முதல் மாநிலம் நம்முடையது. அந்த அக்கறை மைதானத்துக்கும் வரலாம்.

அட்லாண்டாவில் எட்டுப் பேருக்குக் கிடைத்த மரியாதை பத்து வருடம் கழித்து தோஹாவில் ஒருவருக்குக் கிடைக்கவில்லை. சாந்தி இன்று பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறார். அந்த வெள்ளி இன்னும் அவரிடம் திரும்பவில்லை.