கொட்டகை வசூலும் நடிகர் புகழும்

மதிப்பிற்குரிய நடிகர் ஒருவர் நட்சத்திரமாக உயர்வதற்கு வசூல் வெற்றி இன்றியமையாததா என்னும் வினாவைத் திரையுலகிற்கே உரியதாகப் பலரும் கருதுவர். கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தின் நாடக வரலாற்றை நோக்குவார்க்கு, இவ்வினா திரைப்படத்திற்கும் முற்பட்டது என்பது புலனாகும்.

வானம் பார்த்த இம்மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும் வீடு வந்து சேர்ந்தபின், பங்குனி, சித்திரைத் திங்கள்களின் கொடைவிழாக்களில் விடிய விடிய நாடகம் நடைபெறும். அச்செலவிற்கு ஊரார் தலைக்கட்டு வரி பிரித்தனர், நுழைவுச்சீட்டு என்பதில்லை. நகரங்களிலோ காண்டிராக்டர்கள் கொட்டகை அமைத்துச் சீட்டு விற்றனர். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களின் பாடம் நடிகர் அனைவர்க்கும் மனப்பாடமாயிருந்தது. ஆகவே, வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்ட ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஒத்திகையின்றியே ஒரு மேடையில் நடிக்க இயன்றது. ஸ்பெஷல் நாடகம் எனப்பட்ட இம்முறையில் நடிகரின் பெயரே விளம்பரமாயிற்று. அப்பெயரின் மதிப்பைக் கொட்டகையில் அன்றைய வசூல் காட்டிற்று; கொடைவிழாவிலோ, மறு ஆண்டும் அவரையே ஊர் அழைத்ததா என்பது காட்டிற்று. ஆக, இரண்டு அளவுகோல்கள் அன்றே இருந்தன.

இவ்விரண்டும் முரண்பட்டு நின்ற வாழ்வு, கரிசலின் வடபகுதியான சிவகாசியில் 1886-இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாசினுடையது. வள்ளி திருமணத்தில் வேலனாகத் தோன்றி, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்களை அவர் பாடினார். தினைப்புனத்துக் கொக்கு வெள்ளையராட்சியின் குறியீடாயிற்று. கூட்டம் திரண்டது, காவலரும் உடன் வந்தனர். பலமுறை அவர் சிறை சென்றார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதைக் காரணங்காட்டி, அவருடன் நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். அந்நிலையில் அவருக்கு இணையாக நடிக்க முன்வந்தவருள் கே. பி. ஜானகியம்மாளும் ஒருவர்.

தடையுத்தரவு பிறந்தால் வசூல் ஏது? நாயகி கிடைக்கவில்லையெனில் நாடகம் ஏது? மக்கள் விருப்பம் குன்றாதபோதும் வருவாய் குன்றுதல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. பொருள் சேர்த்தவராக அவர் மறையவில்லை. ஆயினும் அவர் பெயரால் திருமங்கலத்தில் அரசின் நினைவில்லம் நிற்கிறது.

எனினும், வசூல் வேண்டுவதில்லை என்று இதனால் முடிவு கட்டுதல் பொருந்தாது. மேடையிலிருந்து திரைக்குச் சென்ற கே. பி. சுந்தராம்பாளை நோக்குக. 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்ச ரூபாய். படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. அவருடைய புகழோ சரியவில்லை. காரணம், செங்கோட்டை கிட்டப்பாவோடு அவர் நடித்த நாடகங்களுக்கு மக்கள் சீட்டு வாங்கித் திரண்டமை அப்புகழுக்கு முன்னரே அடித்தளம் இட்டிருந்தது. 1953-இல் ‘ஔவையார்’ பெருவெற்றி கண்டபோது அது மேலும் உறுதிப்பட்டது. முதல் ஏற்றத்திற்கு வசூல் படியாகும். ஏறியபின் ஒரு தோல்வி வீழ்த்துவதில்லை.

கரிசலின் வாழ்வு பின்னர்த் திரையிலும் இடம்பெற்றது. கோவில்பட்டி வட்டாரத்து எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் சிறாரின் துயரை 1990களில் ‘கருவேலம் பூக்கள்’ எனப் படமாக்கினார். தயாரித்தது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். நாசரும் ராதிகாவும் நடித்த அப்படம் வசூலை நாடி எடுக்கப்பட்டதன்று. அத்தகைய படம் நடிகர்க்கு மதிப்பைக் கூட்டும். சுவரொட்டியில் அவர் முகத்தை மட்டுமே நம்பிப் பணமிடும் முதலாளியைக் கொண்டுவந்து சேர்க்காது.

எனவே, நட்சத்திரம் என்னும் தகுதி வணிகம் தருவது. அதற்கு வசூல் வேண்டும். ஆனால் வசூல், நடிகரின் ஆற்றலை மட்டும் நிறுக்கும் தராசன்று. அரசின் ஆணை, சாதியின் விலக்கு, காண்டிராக்டரின் அச்சம் ஆகியனவும் தட்டில் ஏறி அமர்கின்றன. விற்ற படிகளை எண்ணிக் கவிஞரை அளக்க ஒப்பாத இலக்கிய வட்டத்தார், நடிகரை அளக்கும்போதும் அவ்வெச்சரிக்கையைக் கைக்கொள்ளல் நன்று. தாசர் நடித்த இரவுகளில் திரண்ட தொகையை இன்று எவரும் கேட்பதில்லை. அவர் எதைப் பாடினார் என்றே கேட்கின்றனர்.