72 மணித்தியாலமும் ஒரு பாதையும்

1995 ஜனவரி 5ஆம் திகதி ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் ஒருவரையொருவர் சந்திக்காமலே கையெழுத்திட்ட ஆவணம் நீண்டதல்ல. அதற்கு யுத்த நிறுத்த ஒப்பந்தம் என்ற பெயரும் இல்லை. பகைமைச் செயல்களை நிறுத்துவது பற்றிய பிரகடனம் என்றே பெயர் வைத்தார்கள். அது 8ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பங்கர் வரிசைகளுக்கிடையே 600 மீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். தத்தம் பங்கரிலிருந்து 100 மீற்றர் தூரம் வரை நடமாடலாம், ஆனால் நடுவில் 400 மீற்றருக்குக் குறையக்கூடாது. இப்படி அளவுகோல் வைத்து எழுதிய அந்த ஆவணத்தின் கடைசியில், விலக விரும்பும் தரப்பு 72 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

புலம்பெயர்ந்து வாழ்ந்த நம்மில் பெரும்பாலானோரின் கைக்கு இந்த ஆவணம் அந்நாட்களில் எட்டவில்லை. வானொலிச் செய்தியும் கொழும்புத் தொலைபேசி வழியாக வந்த கதையுமே எமக்குக் கிடைத்தன. அந்தத் தொலைபேசியில் மீற்றர் கணக்கை யாரும் பேசவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: பாதை திறக்குமா?

அந்தக் கேள்விக்கு ஐந்து வருடக் கதை இருந்தது. 1990 ஜூன் 11இல் இரண்டாவது ஈழப்போர் தொடங்கியதும் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து வன்னிக்குப் போக மிஞ்சியிருந்த மற்ற வழி கேரதீவு - சங்குப்பிட்டி. 1991 கடைசியில் இராணுவம் பூநகரியில் முகாம் அமைத்ததோடு அதுவும் அடைபட்டது. பிறகு கொம்படி, ஊரியான் என்று சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கி நடந்தார்கள். அதன் பிறகு கிளாலி. கடலேரியைத் தடைசெய்யப்பட்ட வலயமாக அரசு அறிவித்திருந்ததால் இரவில், விளக்கில்லாமல், வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். சத்திரசிகிச்சைக்குப் போகிறவர், பென்சன் எடுக்கப் போகிறவர், வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கொழும்புக்கு அனுப்பப்படும் பெண், எல்லோருக்கும் அந்த வள்ளம்தான். 1993 ஜனவரியில் அந்தக் கடலேரியில் கடற்படையின் சூட்டில் பயணிகள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் சனம் போய்க்கொண்டுதான் இருந்தது. வேறு வழி இல்லை.

இதில் இன்னொரு கதவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. குடாநாட்டை விட்டு வெளியேற விரும்புகிறவர் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும், திரும்பி வருவார் என்று பிணை நிற்க ஒருவர் வேண்டும். கடற்படை ஒரு பக்கம் வழியை அடைத்தது, புலிகள் மறுபக்கம் சீட்டுக் கேட்டார்கள். இந்த இரண்டாவது கதவைப் பற்றி 1994-95 பேச்சுவார்த்தையில் யாரும் வாய் திறக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து ஒட்டுமொத்தமாகத் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும் அந்த மேசையில் ஆசனம் இருக்கவில்லை. தமிழ் மக்களின் பிரச்சினை என்று மேசையில் வைக்கப்பட்டது எவ்வளவு, வைக்கப்படாமல் விடப்பட்டது எவ்வளவு என்ற கணக்கை நாம் இன்னும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பொருளாதாரத் தடையை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவில் கேட்ட வானொலியும், சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழமும், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குத் தெரியாதவை அல்ல.

1994 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் பதினேழு வருட ஐ.தே.க. ஆட்சி முடிந்தது. சமாதானம் என்ற சொல்லைத் தேர்தல் மேடையில் வைத்துச் சிங்கள மக்களிடம் வாக்குக் கேட்டு வெல்ல முடியும் என்பதே அப்போது ஓர் அதிசயமாகத் தெரிந்தது. ஒக்ரோபர் 13இல் அரச தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்தபோது கூடிய சனத்தின் ஆரவாரத்தைக் கண்டவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சந்திரிகா காப்பு என்ற பெயரில் வளையல் விற்ற கதையும் உண்டு. அந்தக் குழுவில் சந்திரிகாவின் நம்பிக்கைக்குரிய அதிகாரியான பாலபட்டபெந்தி, முன்னர் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த லயனல் பெர்னாண்டோ, வங்கித்துறையைச் சேர்ந்த ராஜன் ஆசீர்வாதம், கட்டடக் கலைஞர் நவீன் குணரத்தின ஆகியோர் இருந்தார்கள். புலிகள் தரப்பில் கரிகாலன் தலைமை தாங்கினார். வந்தவர்களில் ஓர் அமைச்சரும் இல்லை என்பது புலிகளின் முறைப்பாடு. அதில் நியாயம் இருந்தது. ஆனால் புலிகளின் மேசையிலும் அரசியல் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் உட்காரவில்லை. இரு பக்கமும் தபாற்காரரையே அனுப்பின.

ஒக்ரோபர் 24இல் தொட்டலங்கவில் ஐ.தே.க. ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தற்கொலைக் குண்டில் கொல்லப்பட்டனர். அடுத்த சுற்று தள்ளிப்போயிற்று. நவம்பரில் சந்திரிகா நூற்றுக்கு 62 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு ஜனாதிபதியானார். 1995 ஜனவரி 2இல் இரண்டாவது சுற்று, 14இல் மூன்றாவது. அதன் பின் ஏப்ரல் 10 வரை நேரில் சந்திப்பே இல்லை. ஏறக்குறைய மூன்று மாதம் கடிதங்கள்தான் பேசின.

அந்தக் கடிதங்கள் பின்னர் அச்சில் வந்தன. அன்ரன் பாலசிங்கமும் 2000இல் அவற்றை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தொடர்ந்து வாசிக்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அரசு, அரசியல் தீர்வையும் புனரமைப்பையும் பற்றிப் பேசுவோம் வாருங்கள் என்கிறது. புலிகள், முதலில் மக்களின் அன்றாடப் பிரச்சினை, பிறகு அரசியல் என்கிறார்கள். கேட்டால் இரண்டும் சரியாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க என்ன தடை என்று ஒரு கடிதமாவது உண்மையாகக் கேட்டதாக எமக்குத் தோன்றவில்லை.

கடைசியில் புலிகளின் கோரிக்கை நான்காகச் சுருங்கியது. பொருளாதாரத் தடையை நீக்குவது, மீன்பிடித் தடையை நீக்குவது, பூநகரி முகாமை அகற்றிச் சங்குப்பிட்டிப் பாதையைத் திறப்பது, கிழக்கில் தமது உறுப்பினர்கள் ஆயுதங்களோடு நடமாட அனுமதிப்பது. இந்தப் பட்டியலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் இரண்டும் சாதாரண சனத்தின் வயிற்றுப்பாடு. நான்காவது முழுக்க முழுக்க இராணுவ விஷயம். மூன்றாவதில் இரண்டும் பின்னிக் கிடந்தன. பூநகரி முகாம் கடலேரியின் மேற்குப் பக்கத்தைக் காவல் காத்தது. ஆனையிறவோடு சேர்ந்து குடாநாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1993 நவம்பரில் புலிகள் பெருந்தாக்குதல் நடத்தியும் அது விழுந்துவிடவில்லை. போரில் கைப்பற்ற முடியாததை மேசையில் கேட்கிறார்கள் என்று இராணுவம் நினைத்ததில் வியப்பில்லை. பாதையைத் திறக்கத் தயார், முகாமின் எல்லையைச் சற்றுப் பின்னகர்த்தவும் தயார் என்றது அரசு. முகாம் இருக்கும்வரை சனம் அந்தப் பாதையால் போக முடியாது என்றார்கள் புலிகள்.

எமது பார்வையில் அரசின் குற்றம் இதைவிட எளிமையானது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றறியும் பேரம் பேசும் பொருட்களே அல்ல. யாழ்ப்பாணத்தவரைத் தன் பிரசைகள் என்று சொல்லும் ஓர் அரசுக்கு அவற்றை அனுப்பப் புலிகளின் கையெழுத்து எதற்கு? ஆட்சிக்கு வந்த கையோடு தடையை முழுதாக நீக்கியிருந்தால் பட்டியலின் பாதி அன்றே மறைந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். தளர்த்தியதாக வர்த்தமானியில் வந்ததும் வவுனியாவின் சோதனைச் சாவடியில் நடந்ததும் ஒன்றாக இருக்கவில்லை. ஏப்ரல் சுற்றில் எரிபொருளிலும் மீன்பிடியிலும் அரசு பெருமளவு இறங்கிவந்தது. அப்போது காலம் கடந்திருந்தது. புலிகளின் குற்றமும் சிறியதல்ல. சனத்தின் மண்ணெண்ணெயைத் தமது துப்பாக்கியோடு ஒரே முடிச்சில் கட்டினார்கள். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதும் வேண்டாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

கண்காணிப்புக் குழுக்களின் கதை சுருக்கமானது. பிரகடனத்தின்படி ஆறு குழுக்கள் அமைய வேண்டும். நோர்வே, கனடா, நெதர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குச் செய்வதற்கு வேலை கொடுபடவில்லை.

மார்ச் 28 என்று விதித்த காலக்கெடுவைப் புலிகள் ஏப்ரல் 19 வரை நீடித்தார்கள். ஏப்ரல் 18 திகதியிட்ட கடிதத்தில் விலகுவதாக அறிவித்தார்கள். அடுத்த நாள் அதிகாலை, திருகோணமலைத் துறைமுகத்தில் சூரய, ரணசுரு என்ற இரண்டு பீரங்கிப் படகுகள் சுழியோடிகளால் தகர்க்கப்பட்டன. 12 கடற்படையினர் இறந்தார்கள். 72 மணித்தியாலம் எங்கே என்று அரசு கேட்டது. மூன்று கிழமைக்கு முன்பே காலக்கெடு கொடுத்துவிட்டோம், அதுவே அறிவித்தல் என்பது புலிகளின் வாதம். காலக்கெடு வேறு, விலகும் அறிவித்தல் வேறு. அந்த வித்தியாசம் சொற்சிலம்பம் அல்ல. அந்த மூன்று நாட்கள் படையினருக்காக மட்டும் எழுதப்பட்டவையும் அல்ல. பிள்ளையைக் கொழும்பிலிருந்து கூட்டிவரப் போன தாய்க்கும், கடலுக்குப் போன மீனவனுக்கும், வன்னியில் நெல் வாங்கப் போன வியாபாரிக்கும் வீடு திரும்புவதற்கு இருந்த நேரம் அது.

நூறு நாள் சமாதானம் அப்படி முடிந்தது. 1985இல் திம்பு இரண்டே மாதத்தில் முடிந்தது. வவுனியாவில் படையினர் பொதுமக்களைக் கொன்ற செய்தி வந்ததும் தமிழ்ப் பிரதிநிதிகள் எழுந்து வந்தார்கள். 1995இல் எழுந்து வருவதற்கு மேசையில் ஒருவரும் இருக்கவில்லை.

பின்னர் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 28, 29இல் பலாலிக்கு அருகே இரண்டு அவ்ரோ விமானங்கள் வீழ்த்தப்பட்டன. ஜூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். நாவற்குழிப் பாலம் தாங்கிய அந்தச் சனத்தில் ஒரு பகுதி அடுத்த மாதங்களில் வன்னிக்குப் போகக் கிளாலிக்குத்தான் வந்தது. பழைய வள்ளம், பழைய இரவு.

1996இல் நடந்த ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு இராணுவம் பூநகரி முகாமைத் தானாகவே கைவிட்டுப் போயிற்று. விட்டுக்கொடுக்கவே முடியாது என்று முந்திய சித்திரையில் சொல்லப்பட்ட அதே முகாம். சங்குப்பிட்டிக் கரையில் அப்போது இராணுவம் இல்லை. ஆனால் மறுகரையில் இருந்தது. பாதை அப்போதும் திறக்கவில்லை. 2008 நவம்பரில் இராணுவம் திரும்பி வரும்வரை பூநகரி புலிகளிடமே இருந்தது.

எம்மைப் பொறுத்தவரை இந்தப் பேச்சுவார்த்தைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1994 ஜனவரியிலேயே, பேச்சுவார்த்தைக்கு முன்பே, நிராகரிக்கப்பட்ட அகதிகளைத் திருப்பி அனுப்ப சுவிஸ் அரசு இலங்கையோடு உடன்பாடு செய்திருந்தது. பேச்சு நடக்கிறது என்ற செய்தி வந்ததும் ஐரோப்பாவில் விசாவுக்காகக் காத்திருந்தவர்களின் வயிற்றில் புளி கரைந்தது. ஊரில் அமைதி வர வேண்டும் என்று கும்பிட்ட அதே வாய், வழக்கு முடியும்வரை வரக்கூடாதே என்றும் முணுமுணுத்தது. இதைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதுவது அழகில்லை என்று நினைத்திருக்கலாம்.

2002 பெப்ரவரி 22 ஒப்பந்தத்தை எழுதியவர்கள் 1995 பிரகடனத்தை அருகில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும். அதே 600 மீற்றர், அதே 100, அதே 400. விலகும் அறிவித்தல் மட்டும் 72 மணித்தியாலத்திலிருந்து 14 நாளாக நீண்டது. முக்கியமான வேறுபாடு பாதையில் இருந்தது. இம்முறை கண்டி வீதி முதலில் திறந்தது, பேச்சு பிறகு தொடங்கியது. ஏப்ரலில் ஏ-9 திறந்தது, செப்ரெம்பரில்தான் தாய்லாந்தில் சத்தஹிப் சந்திப்பு. ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்று, புலிகளுக்கு வரியும் கட்டி, பன்னிரண்டு பதினைந்து வருடங்களுக்குப் பிறகு வீட்டு முற்றத்தை மிதித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆறு சுற்றுப் பேச்சில் கிடைக்காதது அந்த வீதியில் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது. அதே ஒப்பந்தத்தின் நிழலில்தான் மாற்றுக் கருத்துக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், பிள்ளைகள் படைக்குப் பிடிக்கப்பட்டதும், 2006க்குப் பின் வெள்ளை வானில் ஆட்கள் காணாமற் போனதும்.

2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கியது. ஏ-9 மறுபடி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மறுபடி கப்பலுக்கும் விமானத்துக்கும் வரிசை. ஒப்பந்தம் மட்டும் காகிதத்தில் உயிரோடு இருந்தது. ஒன்றரை வருடம் முழு யுத்தம் நடத்திய பிறகு, 2008 ஜனவரித் தொடக்கத்தில் மகிந்த ராஜபக்ச அரசு நோர்வேக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்தது. 14 நாள் கழித்து, ஜனவரி 16இல், ஒப்பந்தம் சட்டப்படி முடிந்தது. ஒரு மணித்தியாலம்கூடப் பிசகவில்லை. 1995இல் மீறப்பட்ட அறிவித்தல் பிரிவு 2008இல் எழுத்துக்கு எழுத்து மதிக்கப்பட்டது. அந்த ஒப்பந்தத்தில் அவ்வளவு சுத்தமாக நிறைவேற்றப்பட்ட பிரிவு வேறு இருந்ததா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

சங்குப்பிட்டியில் 2011 ஜனவரியில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் முந்நூறு மீற்றருக்கும் குறைவு. பஸ் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். கிழக்கே, முகமாலையிலிருந்து கிளாலி வரையான நிலத்தில் கண்ணிவெடி தோண்டும் வேலை அதற்குப் பிறகும் பல வருடங்கள் நடந்தது.