சான்றாகும் நட்பு: போதைக் கடத்தல் திரில்லர்களும் தேன்கனிக்கோட்டை இளைஞனும்

ஒரு தனியார் காரில் சிலர் சேர்ந்து போகிறார்கள். போலீஸ் மடக்குகிறது. காருக்குள் கஞ்சாப் பிசினான சரஸ் இருக்கிறது. அது யாருடையது? மதன்லால் எதிர் இமாச்சலப் பிரதேச அரசு வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: வந்த எல்லாருடையதும்தான். அது பொதுப் பேருந்து அல்ல. வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஏன் ஒன்றாக வந்தார்கள் என்பதை அவர்கள் விளக்கவில்லை. ஆகவே சரக்கு இருப்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒருவரையொருவர் தெரிந்திருந்ததே அங்கே சான்றுகளில் ஒன்றாயிற்று.

இந்த இடத்தைத்தான் தமிழ்த் திரில்லர் தாண்டிப் போய்விடுகிறது.

வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ (2007) இதற்கு மிக அருகே வந்தது. நடுத்தரக் குடும்பத்து இளைஞன் ஒருவன் திருடுபோன பைக்கைத் தேடிப் போய்ப் போதைப்பொருள் கும்பலோடு மோத நேர்கிறது. ஆனால் படம் அவனை வீரனாக்கிவிடுகிறது. அவன் அடித்து ஜெயிக்கிறான். சுசீந்திரனின் ‘நான் மகான் அல்ல’ (2010) நண்பர் குழுவை மையத்துக்குக் கொண்டுவந்தது. போதைக்கு அடிமையான அந்தக் கல்லூரி மாணவர்கள் அதில் வேட்டைக்காரர்களாக மட்டுமே வருகிறார்கள். ‘வடசென்னை’ (2018) இன்னும் ஆழமானது. அதில் நாயகன் அன்பு சிறைக்குள் தாதா செந்திலோடு பழகுவதே அவனைக் குத்துவதற்காகத்தான். ‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022) படங்களில் சரக்கு மலையாகிவிட்டது. அதன் உயரத்துக்கு முன்னால் சாதாரண நண்பனுக்கு இடமில்லை. பாதிக்கப்பட்ட வீரன், கொடியவன், துரோகி என மூவரையும் நாம் திரையில் பார்த்துவிட்டோம். வண்டியைக் கடன் கொடுத்தவன், பின்சீட்டில் ஏறியவன், அறையில் ஒரு பையை வைத்துக்கொள்ளச் சம்மதித்தவன் ஆகியோர்தான் இன்னும் வரவில்லை.

அவர்களுக்கான திரைக்கதையைப் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985 ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. 29-ஆம் பிரிவு உடந்தையையும் சதியையும் முதன்மைக் குற்றத்துக்கு இணையாகத் தண்டிக்கிறது. 35-ஆம் பிரிவின்படி குற்ற மனம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவவேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். 60-ஆம் பிரிவில், தனக்குத் தெரியாமலே கடத்தல் நடந்தது என்றும், தக்க முன்னெச்சரிக்கை எடுத்திருந்தேன் என்றும் உரிமையாளர் காட்டாவிட்டால் வண்டி பறிபோகும். கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குத் தண்டனை 10 முதல் 20 ஆண்டு. அந்த அளவை எட்டிவிட்டால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினாலன்றி ஜாமீன் இல்லை. நண்பனுக்குத் தெரியுமா, தெரியாதா என்ற ஒரே கேள்விக்குள் ஒரு முழுநீளப் படம் அடங்கிக் கிடக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போன டூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர், 67-ஆம் பிரிவின் கீழ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று தீர்ப்பளித்தனர். பிடிபட்டவன் வாயிலிருந்து நண்பன் பெயர் வரவழைக்கப்படும் காட்சியைச் சினிமா பலமுறை எடுத்திருக்கிறது. அந்த வார்த்தை நீதிமன்றத்தில் செல்லுமா என்ற அடுத்த காட்சிதான் உண்மையான திரில்லர்.

இந்தக் கதைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டையைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர். ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், நான்கைந்து பேராக ஒரே அறையில் வாடகையைப் பகிர்கிறவர்கள், ஒரே பைக்கை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் இங்கே வாழ்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. தளி வழியாக ஆனேக்கல்லுக்குப் போனாலும் கர்நாடகம்தான். கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையும் சேலம் சாலையும் சந்திக்கின்றன. கர்நாடக மதுப் பாக்கெட்டும், தமிழ்நாட்டில் 2013 முதல் தடையிலிருக்கும் குட்காவும் இந்த எல்லையில் பிடிபடுவது வாடிக்கையான செய்தி. எல்லை தாண்டிப் பொட்டலம் கொண்டுவருவது சிறு உதவியாகப் பழகிப்போன இடத்தில், ஒருநாள் பொட்டலத்துக்குள் வேறொன்று இருந்தால் எந்த இளைஞன் பிரித்துப் பார்ப்பான்?

கடல் தாண்டியும் இதே வடிவம்தான். மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் சிங்கப்பூர் எல்லையில் 42.72 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டார். மிரட்டலுக்குப் பணிந்தே எடுத்து வந்தேன் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். உலகெங்கும் அவருக்காகக் குரல் எழுந்தது. இந்த வழக்கில் மிரட்டல், எல்லை, அனுமானம், மேல்முறையீடு எல்லாம் இருந்தன. சரக்குக்குச் சொந்தக்காரன் மட்டும் தூக்குமேடைக்கு வரவில்லை.

கடத்துகிறவனுக்குப் பரிவு காட்டச் சொல்லும் வாதம் அல்ல இது. போதை குடும்பங்களை அழிக்கிறது. கடுமையான சட்டம் தேவை. ஆனால் கடத்தல் வலையின் மேல்முனையை மட்டும் படம்பிடித்து, கடைமுனையில் அகப்படுகிறவனைத் துணைப்பாத்திரமாக ஒதுக்கும் கலை அந்த இளைஞனுக்கு எச்சரிக்கையாகவும் இல்லை, நீதியாகவும் இல்லை. அடுத்த திரில்லரை எழுதப்போகும் இயக்குநர்கள் கிடங்குச் சண்டையை ஒருமுறை ஒதுக்கிவைத்துவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்து நீதிமன்றங்களில் மகனின் வாய்தாவுக்குக் காத்திருக்கும் பெற்றோரிடம் போய்ப் பேசட்டும். 37-ஆம் பிரிவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.